சோழர் காலத்து நாவல் எழுத ஆசை, எங்கே பிடித்துத் தொடங்குவது?

பொன்னிநாடன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம், வேலை பெங்களூரில். பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்தே சரித்திரக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. முதலாம் ராஜராஜன் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. புத்தகம் வாங்குகிறேன், குறிப்பு எடுக்கிறேன், அதில் ஒரு சந்தேகம் வருகிறது, அதைத் தீர்க்க இன்னொரு புத்தகம் வாங்குகிறேன். நோட்டு நிறைகிறதே தவிர கதை ஒரு பக்கம் நகரவில்லை.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றித்தான் முதலில் யோசித்தேன். அதை ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது, புதிதாக என்ன சொல்வது என்று தெரியவில்லை. எவ்வளவு தெரிந்துகொண்டால் எழுத உட்காரலாம்? பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும்? உண்மையில் வாழ்ந்தவர்களை வைத்து எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்? எழுதிப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி மலர்:

தம்பி, முதலில் அரண்மனையை விட்டு வெளியே வாருங்கள். ராஜராஜன் என்ன செய்தான் என்று வாசகனுக்குப் பாதி தெரியும், மீதியை அவனே ஒரு மாதிரி கற்பனை செய்து வைத்திருப்பான். முதல் நாவலிலேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ராஜா கட்டிய கோயிலுக்கு நெல் அளந்தவன், விளக்குக்கு நெய் கொண்டுவந்த இடையன் என்று யாராவது ஒருவரைப் பிடியுங்கள். ராஜா கதையில் தூரத்தில் குதிரை மேல் போனால் போதும்.

கல்வெட்டு வாசகன்:

மலர் அக்கா சொல்வது சரி. அதற்கு ஒரு உதாரணம் தருகிறேன், கொஞ்சம் நீளும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 1014. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலைச் சேர்ந்த தெருக்களில் குடியிருந்த ஆடல் மகளிரின்) பெயர்கள் அதில் இருக்கின்றன. பெயரோடு நிற்கவில்லை. எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (தெருவின் ஒரு பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வீடு வீடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்று ஓலோகமாதேவி ஈஸ்வரத்து நக்கன் சேரமங்கை, அவளுக்குப் பங்கு ஒன்று. அப்புறம் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருவாய், ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளக்கிற மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர்.

அந்தப் பெண்களுக்குப் பிறகு நட்டுவம் செய்கிறவர்கள், பாடுகிறவர்கள், உவச்சர்கள் (கோயிலில் வாத்தியம் முழக்குகிறவர்கள்), கணக்கர்கள், குயவர்கள், ஈரங்கொல்லிகள் (வண்ணார்கள்), நாவிசர்கள் (நாவிதர்கள்), தையற்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். (அக்காலத்தில் தைத்த துணியே கிடையாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்தக் கல்வெட்டைப் பார்க்கவேண்டும்.) ஒரு ஊரே அந்தச் சுவரில் குடியிருக்கிறது.

கதைக்கு வித்து எங்கே என்றால், பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ பரதேசம் போய்விட்டாலோ என்ன செய்வது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறொருவரைப் பிடித்து வேலை செய்ய வைத்துவிட்டுப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். உறவே இல்லையென்றால் அதே பணியில் இருக்கிற மற்றவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்படி ஒரு விதி எழுதப்படுகிறது என்றால் அதைச் சுற்றி எத்தனை வழக்கு, எத்தனை மனக்கசப்பு நடந்திருக்கும்? ஒரு பெண் சாகிறாள், அவள் தங்கை மகள் வந்து நிற்கிறாள், தகுதி உண்டா இல்லையா என்று யார் முடிவு செய்வது? நாவல் இங்கேயே தொடங்கிவிட்டது.

கரிகாலன் கொலைக்கு வருகிறேன். உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவுக்காரர்களின் நிலங்கள் கைமாறுவதைப் பதிவு செய்கிறது. கொலை எங்கே, எப்படி, ஏன் நடந்தது என்று அதில் ஒரு வரி கிடையாது. எல்லோரும் கொலையையே எழுதுகிறார்கள், கல்வெட்டு பேசுவதோ நிலத்தை இழந்த குடும்பங்களைப் பற்றி. அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன ஒருத்தியின் கதையை இதுவரை நான் எங்கும் வாசித்ததில்லை.

பொன்னிநாடன்:

ஐயா, இதை வாசித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. தலைவீடு, இரண்டாம் வீடு என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். பெரிய கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி.

தளிச்சேரியைத்தான் எடுக்கப் போகிறேன். ஆனால் அந்தப் பெண் காலையில் எழுந்து என்ன செய்வாள், என்ன சாப்பிடுவாள், வீட்டில் என்னென்ன பாத்திரம் இருக்கும் என்பதெல்லாம் தெரியாமல் எப்படி எழுத?

புதுவைக்காரி:

இதனால்தான் முதல் முயற்சிக்குச் சோழர் காலம் வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது. கல்வெட்டில் கணக்கு இருக்கிறது, நிலம் இருக்கிறது, தண்டனைகூட இருக்கிறது, ஒரு மனிதன் கோபத்தில் என்ன பேசினான் என்பது இல்லை. அதே உழைப்பை 18ஆம் நூற்றாண்டில் போட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து கடைசிக் காலம் வரை தினப்படி எழுதி வைத்திருக்கிறார், அதுவும் தமிழில். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர். கப்பல் வந்ததா, சரக்கு என்ன விலை, யார் யாரை வாசலில் காக்க வைத்தார்கள், கவர்னர் மனைவி என்ன சொன்னாள், ஊரில் யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் அதில் இருக்கிறது, 1748இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகை போட்டதும் இருக்கிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்த அந்த நாட்களிலேயே அவரும் காலமாகிவிட்டார். மனுஷர்கள் பேசுகிற சத்தம் கேட்க வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

கல்வெட்டு வாசகன்:

அம்மா, நீங்கள் சொல்கிற சௌகரியம் உண்மைதான். ஆனால் அங்கே வேறொரு சிக்கல். பிள்ளை எழுதியதெல்லாம் பிள்ளையின் கண்ணில் பட்டது. அவருக்கு வேண்டாதவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களில் கெட்டவர்களாகவே நிற்பார்கள். புதிதாக எழுதுகிறவர் அந்தக் குரலில் மயங்கி அவருடைய பகையைத் தன் பகையாகவே எழுதிவிடுவார். கல்வெட்டு பேசாது என்பதால்தான் நாம் பேசவைக்க இடம் கிடைக்கிறது. ஆசை எந்தக் காலத்தின் மேல் இருக்கிறதோ அதை எழுதட்டும். ஆசை இல்லாத காலத்தை எடுத்தால் பாதியில் நின்றுவிடும்.

புதுவைக்காரி:

பகை பற்றிச் சொன்னது நியாயம். ஆசை பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் சோழர் காலம் எழுதுகிறவர்கள்கூட அந்த நாட்குறிப்பில் கொஞ்சம் வாசிக்கலாம். பழைய சமூகத்தில் ஒருவர் இன்னொருவரிடம் காரியம் எப்படிச் சாதித்துக்கொண்டார் என்பது அதில் தெரியும். நேராக யாரும் கேட்பதில்லை, மூன்றாவது ஆள் வழியாகத்தான் எல்லாம் நடக்கும்.

கீழவாசல்:

நான் தஞ்சாவூர்க்காரன், தினமும் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். பொன்னிநாடன் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. இன்று கண்ணில் படுவதை எல்லாம் ராஜராஜன் காலத்தில் வைத்துவிடாதீர்கள். விமானம், கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல், திருச்சுற்று மாளிகை, இவை அவன் காலத்தவை. பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம். அம்மன் சந்நிதி 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலத்தது. சுப்பிரமணியர் கோயில் நாயக்கர் காலம். வெளியே இருக்கிற அகழியும் கோட்டைச் சுவரும்கூட நாயக்கர் கட்டியவைதான். ராஜராஜன் அந்தப் பெரிய நந்தியின் காதில் ரகசியம் சொல்வதாக ஒரு தொடரில் வாசித்துவிட்டு அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

சமையலறையிலும் அப்படித்தான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, மக்காச்சோளம், புகையிலை, எல்லாம் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வந்த பிறகு நமக்குக் கிடைத்தவை. காரம் என்றால் மிளகு. அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழை, தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் தாராளமாக இருக்கிறது, கோயில் நிவந்தங்களிலேயே (கோயிலுக்கு விட்ட கொடைகளிலேயே) படையலுக்கு எது எவ்வளவு என்று அளவோடு வரும். அதை வைத்தே ஒரு வீட்டுச் சமையலை எழுதிவிடலாம்.

நேரத்துக்கு நாழிகை. நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். நெல்லுக்கு, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். பொன்னுக்கு, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. இவ்வளவு கையில் இருந்தால் ஒரு சந்தைக் காட்சி எழுதப் போதும்.

திருச்சி மலர்:

இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்துவிடாதே தம்பி, அதுதான் நீ ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிற இடம். காட்சியை முதலில் எழுது. நங்கை ஒருத்தி அடுப்புப் பற்றவைக்கிறாள், எதை வைத்துப் பற்றவைத்தாள் என்று தெரியவில்லையா, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ. காட்சி முடிந்ததும் கேள்விக்குறிகளை மட்டும் எண்ணிப் பார். பாதி, காட்சிக்கே தேவையில்லாதவையாக இருக்கும். மீதியைத் தேடு. தேடுகிறபோது ஒரு காட்சிக்காகத் தேடுகிறாய் என்பதால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். சோழர் வரலாறு முழுவதையும் படித்து முடிக்க ஒரு ஆயுள் போதாது. தளிச்சேரியில் ஒரு வீட்டின் ஒரு காலைப்பொழுதுக்குச் சில வாரங்கள் போதும்.

குடந்தை வாத்தியார்:

மொழி பற்றித் தம்பி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் கருத்து, உரையாடல் அந்தக் காலத்து வாசனையோடு இருக்கவேண்டும். கல்வெட்டுத் தமிழும் தேவாரத் தமிழும் கலந்த ஒரு நடையைப் பழகிக்கொள்ளுங்கள். இன்றைய தெருப் பேச்சை ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வாயில் வைத்தால் மயக்கம் கலைந்துவிடும்.

திருச்சி மலர்:

வாத்தியார் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதில் நான் எதிர்க்கட்சி. குயவர் வீட்டுப் பெண் தன் குழந்தையை அதட்டும்போது தேவாரத் தமிழில் அதட்டமாட்டாள். அவளுடைய காலத்தில் அவளுக்கும் ஒரு தெருப் பேச்சு இருந்தது, அது நமக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக நாம் கவிதை மொழியை அவள் வாயில் திணித்தால் அவள் சிலையாகிவிடுவாள். எளிய தமிழில் பேசட்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், பின்னால் வந்த சொற்கள் நுழையக் கூடாது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, வசூல், பாக்கி, ரசீது, தயார், இவையெல்லாம் கை தானாக எழுதிவிடும். கடைசியில் ஒரு முறை சல்லடை போட்டு எடுத்துவிடலாம்.

குடந்தை வாத்தியார்:

அதட்டுகிற தாய்க்கு நீங்கள் சொல்வது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். சபையில், கோயில் அதிகாரிகள் முன்னால், ஆணை வாசிக்கிற இடத்தில் நடை உயர வேண்டும். அதிகாரம் பேசும்போது மொழி மாறும், அது எந்தக் காலத்திலும் உண்டு. இரண்டு நடைக்கும் இடையில் அந்தப் பெண் தடுமாறினால் அதுவே நல்ல காட்சி.

மாதோட்டம்:

நான் மன்னார்ப் பக்கம். நீங்கள் எல்லாரும் தஞ்சாவூரில் நின்று கதைக்கிறீர்கள், இந்தப் பக்கமும் ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ. மாதோட்டத்தில் தாழி குமரன் என்றொருவர் ராஜராஜ ஈஸ்வரம் எண்டு ஒரு கோயில் எடுப்பித்துக் கல்வெட்டும் வைத்திருக்கிறார். பொலனறுவையில் வானவன்மாதேவி ஈஸ்வரம் இன்னமும் நிக்குது. பெரிய கோயிலுக்கு நெல் குடுத்த ஊர்களில் ஈழத்து ஊர்களும் இருக்கு. ராஜேந்திரன் காலத்தில் ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு, சோழ நாட்டிலேயே கைதியாய்க் கிடந்து செத்தவர். வெற்றியை மட்டும் எழுதினால் கதை பாதிதான். தளிச்சேரி வீதியில் அளக்கிற நெல் எந்த ஊரில் இருந்து வந்தது எண்டு உங்கட நங்கை ஒருக்கால் யோசிச்சால், நாவல் அந்த இடத்தில் பெரிசாகும்.

பொன்னிநாடன்:

மாதோட்டம் அண்ணா, மிக்க நன்றி. அந்த நெல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நான் விடப் போவதில்லை.

இன்னும் ஒன்று. தளிச்சேரிப் பெண்கள் பற்றி எழுதினால் வம்பு வருமோ என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையில் வாழ்ந்த பெண்கள், பெயர்கூட இருக்கிறது.

புதுவைக்காரி:

பயப்படாதீர்கள், பொறுப்பாக எழுதுங்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு தேவதாசி முறை என்னவானது, 1947 சட்டம் எதற்காக வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும் என்பதால் அதையே 1014இல் கொண்டுபோய் ஒட்டக் கூடாது. தன் பெயரில் வீடும் பங்கும் உள்ள பெண்கள் இவர்கள். அதற்காக எல்லாம் பொற்காலம் என்று பூசி மெழுகவும் கூடாது. திருவாரூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றினார்கள் என்கிறது கல்வெட்டு, வர விருப்பமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா என்று நீங்கள் கேளுங்கள். ஆண்கள் ஜொள்ளு விடுகிற மாதிரி வர்ணனை எழுதுகிறவர்கள் ஏராளம், தயவுசெய்து அந்த வரிசையில் சேராதீர்கள்.

பெயர் விஷயத்தில் என் வழக்கம் இது: கல்வெட்டில் இருக்கிற ஆளை அவர் வீட்டிலேயே வைத்து, அக்கம்பக்கத்தவராகக் காட்டுவேன். கதாநாயகி நானே படைத்தவளாக இருப்பாள். கொலை, துரோகம், களவு எதையும் வாழ்ந்த ஆளின் தலையில் சான்று இல்லாமல் வைக்கமாட்டேன்.

பொன்னிநாடன்:

முதல் முறையாக ஒரு துண்டு எழுதியிருக்கிறேன். கேள்விக்குறிகளோடு அப்படியே போடுகிறேன்.

"மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. வானளாவிய விமானத்தின் மேல் நிலவொளி பாலாய்ப் பொழிந்துகொண்டிருந்தது. வடக்குத் தளிச்சேரி உறங்கிக்கொண்டிருந்தது. நங்கை ஜன்னல் வழியே பார்த்தாள். பெரியம்மா இறந்து பதினாறாம் நாள். வாசலில் கணக்கர் நின்றார், பின்னால் நெல்லோடு (எதில் கொண்டுவருவார்கள்?) இரண்டு ஆட்கள். 'இந்த வீட்டுப் பங்கை இனி யார் பேரில் எழுதுவது?' என்றார். அவள் பதில் சொல்லவில்லை. 'உனக்கு ஆடத் தெரியுமா?' உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுத்தாள். 'அவளுக்கு எல்லாம் தெரியும். நீ நெல்லை அள.'"

திருச்சி மலர்:

பாட்டி வந்துவிட்டாள், கதையும் வந்துவிட்டது! நிலவொளி, பனி, விமானம் மூன்றையும் வெட்டு. "இந்த வீட்டுப் பங்கை இனி யார் பேரில் எழுதுவது" என்பதுதான் உன் முதல் வரி. ஜன்னலை எடுத்துவிடு, அவள் திண்ணையிலேயே நிற்கட்டும். பதினாறாம் நாள் என்பதை நீ சொல்லாதே, கணக்கர் சொல்லட்டும், துக்கத்தை அவர்கூட எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது தெரியும்.

கல்வெட்டு வாசகன்:

நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து அளப்பதைவிட, அவள் அளக்கிற இடத்துக்குப் போகட்டுமே. அங்கே வரிசையில் உவச்சர் நிற்பார், குயவர் நிற்பார், ஈரங்கொல்லி நிற்பார், தலைவீட்டு நக்கன் சேரமங்கையும் நிற்கலாம். ஆடவல்லான் மரக்கால் விளிம்பு வரை நிரம்பி, மேலே கையால் வழித்துவிடுகிற நேரத்தில் கணக்கர் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். வீட்டு வாசலில் கேட்டால் அவளுக்கு மட்டும் சங்கடம், அங்கே கேட்டால் ஊரே சாட்சி. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் இவளுக்கு ஆடத் தெரியாது என்று சொல்லவும் வழி பிறக்கும். சொல்கிறவர் யார், அவருக்கு அதில் என்ன லாபம் என்பதை முடிவு செய்யுங்கள். தகுதி இல்லையென்றால் வேறொருவரை வைத்துச் செய்யலாம் என்ற விதி இருக்கிறதல்லவா, அந்த வேறொருவர் யாராக இருந்தால் அவருக்கு நல்லது?

பொன்னிநாடன்:

சொல்கிறவர் நட்டுவனார். அவர் தங்கை மகள் நன்றாக ஆடுவாள், அவளுக்கென்று ஒரு பங்கு கிடையாது. நங்கை தகுதியில்லாதவள் என்று ஆகிவிட்டால் பாட்டி அந்தப் பெண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், கூலியை நட்டுவனார் பேசி முடிப்பார். பாட்டிக்கு இது அவர் வாயைத் திறந்த உடனேயே புரிந்துவிடுகிறது, நங்கைக்குப் புரியவில்லை.

காட்சியை நெல் அளக்கிற இடத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். உவச்சர் கையில் என்ன வாத்தியம் இருக்கும் என்பதுதான் இப்போது இருக்கிற ஒரே கேள்விக்குறி, யாராவது சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுக் காட்சியையும் இங்கே போட்டுவிடுவேன்.

கீழவாசல்:

அந்த நேரத்தில் அவர் கையில் வாத்தியம் எதற்கு? நெல் வாங்க வந்தவர், கூடையோடு நிற்கட்டும்.